சைக்கடெலிக் கொலாஜ் ஆல்பம் அட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எல்.பி. ரெக்கார்டு அட்டைகளைச் சேர்ப்பது என் பழக்கம். தெரிந்த இசைக்குழுக்களுக்கு அவ்வப்போது கொலாஜ் அட்டை செய்து கொடுப்பதும் உண்டு. இது தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்லி மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

கொலாஜ்னா என்ன? படத்தை வெட்டி ஒட்டுறதுதானே?

அதேதான். பிரெஞ்சில் ‘ஒட்டுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 1912-ல் பிக்காசோ தன் ஓவியத்தில் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டினார். நவீன ஓவியத்தில் கொலாஜின் கதையை அங்கிருந்துதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். சில ஆண்டுகளில் பெர்லினில் ஹன்னா ஹேக் போன்றவர்கள் பத்திரிகைப் புகைப்படங்களை வெட்டி அரசியல்வாதிகளின் தலையை வேறு உடல்களில் பொருத்தினார்கள்.

வெட்டுவது எல்லோராலும் முடியும். எந்தத் துண்டை எதன் பக்கத்தில், எந்த அளவில் வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. வீட்டைவிடப் பெரிய ரோஜா, ரோஜாவுக்குள் நின்றுகொண்டிருக்கும் மனிதன். இரண்டும் சாதாரணப் படங்கள். அளவு மாறியதும் கனவு மாதிரி ஆகிவிடுகிறது.

சைக்கடெலிக்னா போதை சமாச்சாரம்தானே? அதை எடுக்காம இதைச் செய்ய முடியுமா?

சொல் பிறந்தது அங்கேதான். கனடாவில் வேலை பார்த்த ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1956-ல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் அதை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘மனம்’, ‘வெளிப்படுதல்’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. எல்.எஸ்.டி. போன்றவற்றின் விளைவைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. பத்து வருடத்தில் அது இசைக்கும் படத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது கேள்விக்கு: அந்தக் காலத்துக் கலைஞர்கள் பலர் எடுத்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அட்டை என்பது அச்சகத்துக்குப் போக வேண்டிய வேலை. அளவு, கெடு, நிறப்பிரிப்பு எல்லாம் உண்டு. கட்டர் பிடித்த கை நடுங்கினால் முதலில் போவது விரல்தான்.

ஏன் சரியா 1966, 67-ல இதெல்லாம் வெடிச்சது?

அதற்கு முன்னாலும் அட்டையில் படம் இருந்தது. 1930களின் கடைசியில் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் தொடங்கி வைத்த வழக்கம் அது. ஆனாலும் பாப் இசை அட்டை என்றால் பெரும்பாலும் சிரிக்கும் முகங்களும் பெரிய எழுத்தும்தான். அறுபதுகளின் நடுவில் சில விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. தனிப்பாட்டுத் தட்டைவிட முழு ஆல்பம் முக்கியமானது. விற்பனை அதிகமான குழுக்கள் அட்டை விஷயத்தில் நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்கும் பலம் பெற்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர், அவலான் அரங்குகளுக்குப் போஸ்டர் செய்த வெஸ் வில்சன், ரிக் கிரிஃபின், விக்டர் மொஸ்கோசோ, ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகியோரின் பாணி ஊரெங்கும் பேசப்பட்டது.

எல்.பி. அட்டை ஏறக்குறைய 31 செ.மீ. சதுரம். மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும் நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது தென்பட வேண்டும் என்றால் கொலாஜைவிடத் தோதான வழி கிடையாது.

நான் புதுசு. ஒரே ஒரு அட்டை பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

டிஸ்ரேலி கியர்ஸ். கிரீம் குழுவின் 1967 ஆல்பம். அட்டை செய்தவர் மார்ட்டின் ஷார்ப். ஆஸ்திரேலியர், சிட்னியில் ‘ஓஸ்’ பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். லண்டனுக்கு வந்தபின் கிரீம் குழுவின் கித்தாரிஸ்ட் எரிக் கிளாப்டனோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் வரிகளே ஷார்ப் எழுதியவைதான். அதாவது இசைக்கு வெளியில் நின்று படம் போட்ட ஆள் இல்லை. ஆல்பத்தின் பெயரே ஒரு உளறல்: சைக்கிளின் ‘டிரெயிலியர் கியர்’ என்பதை குழுவோடு இருந்த ஒருவர் பழைய பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியின் பெயராக்கிச் சொல்ல, அதையே வைத்துக்கொண்டார்கள்.

பாப் விட்டேக்கர் எடுத்த குழுவின் புகைப்படங்களை ஷார்ப் வெட்டி, பழைய படங்களிலிருந்து எடுத்த அலங்காரத் துண்டுகளோடு ஒட்டி, அதன்மேல் ஃப்ளோரசன்ட் வண்ணம் பூசினார். அந்தக் கித்தார் ஒலியின் சூட்டை நிறத்தில் கொண்டுவர முயன்றதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இளஞ்சிவப்பையும் ஆரஞ்சையும் ஒரு நிமிடம் மறந்துவிட்டுப் பாருங்கள். அடியில் இருப்பது கறாரான கறுப்பு வெள்ளைக் கட்டமைப்பு: நடுவில் மூன்று முகங்கள், அவற்றைச் சுற்றிக் கிளம்பும் சிறகும் பூவும். நிறத்தை எடுத்தாலும் படம் நிற்கும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், நிறத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

அப்போ ரிவால்வர்? அது வெறும் கறுப்பு வெள்ளைதானே, அது எப்படி சைக்கடெலிக்?

முந்தைய பதிலின் கடைசிப் பகுதிக்கு அதுதான் சாட்சி. 1966-ல் வந்த பீட்டில்ஸ் ஆல்பம். அட்டை போட்டவர் கிளாஸ் ஃபோர்மன், ஹாம்பர்க் நாட்களிலிருந்தே அவர்களின் நண்பர். நான்கு பெரிய முகங்களைப் பேனாவால் வரைந்து, அந்த முடிக்கற்றைகளுக்குள் சின்னச் சின்னப் புகைப்படத் துண்டுகளை ஒட்டினார். முடிக்குள் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். ஃபோர்மனின் முகமும் ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். அட்டை வடிவமைப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

சார்ஜன்ட் பெப்பர் கொலாஜா, இல்ல போட்டோவா? இதுல எனக்கும் என் தம்பிக்கும் சண்டை.

இரண்டு பேரும் சரி. இதுவும் பீட்டில்ஸ் ஆல்பம்தான். பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் என்ற கலைஞர் தம்பதி அதை ஒரு மேடையாகக் கட்டினார்கள். பிரபலங்களின் படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அட்டைப் பலகையில் ஒட்டி வெட்டி, வண்ணம் தீட்டி வரிசையாக நிறுத்தினார்கள். கூடவே மேடம் டுசாட்ஸிலிருந்து இரவல் வாங்கிய மெழுகுப் பொம்மைகள், ஹாவர்த் செய்த துணிப் பொம்மைகள், பூக்கள். நடுவில் உயிருள்ள நான்கு பேர். 1967 மார்ச் 30 அன்று மைக்கேல் கூப்பர் அதைப் படம் எடுத்தார். கத்தரிக்கோலால் செய்த கொலாஜுக்குள் ஆட்கள் நுழைந்து நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏறக்குறைய 3,000 பவுண்டு. அப்போது சாதாரண அட்டைக்கு 50 பவுண்டு ஆகும் என்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் பரமஹம்ச யோகானந்தர், யுக்தேஸ்வர் கிரி, லாஹிரி மஹாசயர், மஹாவதார் பாபாஜி என நான்கு இந்தியக் குருமார்கள் இருக்கிறார்கள், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனின் விருப்பம். காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று பயந்து ரெக்கார்டு நிறுவனமான ஈ.எம்.ஐ.யின் தலைவர் ஜோசப் லாக்வுட் வேண்டாம் என்றதால் எடுத்துவிட்டார்கள். லியோ கோர்சி என்ற நடிகர் தன் முகத்துக்கு 400 டாலர் கேட்டார். அவர் இருந்த இடத்தில் இப்போது வெறும் நீலம். இந்த இரண்டு இடைவெளிகளையும் தெரிந்துகொண்டு பார்த்தால் அட்டை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

பேச்சுவாக்கில் இதைப் ‘பீட்டர் பிளேக் அட்டை’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ஹாவர்த் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிராமியிலும் இருவர் பெயரும்தான் இருக்கிறது.

ஹென்ட்ரிக்ஸ் அட்டையில விஷ்ணு எப்படி வந்தார்? அவர் பக்தரா?

இல்லை. கித்தாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் குழு வெளியிட்ட ஆல்பம், ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ், 1967. கார்ல் ஃபெரிஸ் எடுத்த குழுவின் படத்தை அடிப்படையாகக் கொண்டு ரோஜர் லா வரைந்த முகங்களை, ஆயிரக்கணக்கில் அச்சாகி விற்ற ஒரு சாமி படத்தின்மேல் பொருத்தினார்கள். விராட் புருஷன், விஷ்ணுரூபம். பூஜை அறையிலும் காலண்டரிலும் நாம் பார்க்கிற வகைப் படம்தான்.

ஹென்ட்ரிக்ஸுக்கு இது பிடிக்கவில்லை. குழுவில் ஒருவருக்கும் அந்தச் சமயத்தோடு சம்பந்தமில்லை; தனக்கு உறவுள்ள ‘இந்தியர்’ அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று அவர் குறைபட்டிருக்கிறார். அழகான அட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் படத்தை வரைந்தவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தூரத்து ஊர்ப் படம் என்றால் உடைமை இல்லாத படம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்துக் கொலாஜ்காரர்களிடம் நிறையவே இருந்தது. எனக்கு அதில் இப்போதும் உறுத்தல் உண்டு.

பழங்காலக் கோட்டுப் படங்கள் ஏன் எல்லா கொலாஜ்லயும் வருது? பலூன், கடிகாரம், மீசைக்காரர்...

ஒரு காரணம் பணம்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகப் படங்களுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணம் தொழில் நுணுக்கம். மரத்தில் செதுக்கி அச்சடித்த அந்தப் படங்கள் எல்லாமே கறுப்புக் கோடுகளால் ஆனவை. ஒரு புத்தகத்திலிருந்து மீனையும் இன்னொன்றிலிருந்து மாடிப்படியையும் வெட்டி ஒட்டினால் கோடும் கோடும் கலந்து ஒட்டு மறைந்துபோகும். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1929-லும் 1934-லும் இப்படியே முழுப் புத்தகங்கள் செய்தார். அறுபதுகளில் சான் பிரான்சிஸ்கோவில் வில்ஃப்ரீட் சாட்டி அதே வழியில் போனார்.

பழைய கோட்டுப் படத்தை எடுத்தாண்டதற்கு மிகப் பிரபலமான உதாரணம் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரோஜா முடி சூடிய எலும்புக்கூடு. பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ‘ருபாயத்’ பாடல் தொகுப்புக்காக எட்மண்ட் சல்லிவன் வரைந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. கெல்லியும் மவுஸும் அதை ஒரு நூலகத்தில் கண்டெடுத்து, 1966-ல் அவலான் அரங்கப் போஸ்டரில் நிறம் சேர்த்துப் போட்டார்கள். 1971-ல் அது ஆல்பம் அட்டைக்கும் வந்தது. இன்று அந்த மண்டையோட்டைப் பார்த்தால் சல்லிவன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எழுத்து படிக்கவே முடியலை. அது தப்பில்லையா?

போஸ்டரில் அது வேண்டுமென்றே செய்தது. நின்று, தலையைச் சாய்த்துப் படிக்க வைப்பது. வெஸ் வில்சனுக்கு அந்த எழுத்து வடிவம் வியன்னா ஓவியர் ஆல்ஃப்ரட் ரோலரிடமிருந்து வந்தது. அட்டையில் வேடிக்கையான கதை ஒன்று உண்டு: கிரேட்ஃபுல் டெட்டின் முதல் ஆல்பத்துக்கு (1967) கெல்லி கொலாஜ் செய்ய, மேலே மவுஸ் ஒரு வாசகம் எழுதினார். அது ரொம்ப ஆடம்பரமாக இருக்கிறது என்று குழுவினருக்குத் தோன்ற, படிக்க முடியாதபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். கடைசியில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்பது மட்டும்தான் தெரிகிறது.

நீங்கள் செய்யும்போது குழுவின் பெயராவது தெரியட்டும். மற்றது உங்கள் இஷ்டம்.

நிறம் கண்ணுல அதிருதே, அது எப்படி?

இரண்டு வழிகள். ஒன்று, எதிரெதிர் நிறங்களை ஒரே வெளிச்ச அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது: சிவப்பு-பச்சை, நீலம்-ஆரஞ்சு. எது முன்னால் எது பின்னால் என்று கண்ணுக்குத் தீர்மானிக்க முடியாமல் எல்லைக்கோடு நடுங்கும். மொஸ்கோசோ யேல் பல்கலைக்கழகத்தில் நிற அறிஞர் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் படித்தவர். அங்கே ‘செய்யாதே’ என்று கற்றுக்கொண்டதை எல்லாம் போஸ்டரில் செய்தார்.

இன்னொன்று ஃப்ளோரசன்ட் மை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும். அதனால் தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைவிடப் பிரகாசமாக இருப்பதுபோலத் தோன்றும்.

என் கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருந்தது, அச்சில செத்துப்போச்சு. ஏன்?

என் முதல் அட்டைக்கும் இதேதான் நடந்தது. கிளிப்பச்சை போட்டேன், பாசிப்பச்சையாக வந்தது. அச்சகத்தாரைக் கோபித்துப் பயனில்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. திரையின் பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு, ஊதா ஆகியவை அந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. முந்தைய பதிலில் சொன்ன ஃப்ளோரசன்ட் எஃபெக்ட் அதில் வரவே வராது. வேண்டுமென்றால் தனி மையாகக் கேட்க வேண்டும், காசு கூடும்.

காசில்லையென்றால் ஒரு தந்திரம்: ஒரே ஒரு நிறத்தை மட்டும் பளிச்சென்று வைத்து, சுற்றியுள்ள எல்லாவற்றையும் மங்கலாக்குங்கள். நான்கு மையிலேயே அது எரியும். அச்சுக்கு அனுப்புமுன் அந்த நான்கு மைகளின் முறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிப் பாருங்கள், மாதிரிப் பிரதி ஒன்று கையில் வாங்கிப் பாருங்கள்.

பழைய பத்திரிகைப் படத்தை ஸ்கேன் பண்ணா அலை அலையா கோலம் வருது.

அச்சுப் படம் புள்ளிகளால் ஆனது. ஸ்கேனரின் கட்டமும் அந்தப் புள்ளிகளும் மோதுவதால் வரும் கோலம் அது, மொய்ரே என்பார்கள். தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியில் ஸ்கேன் செய்து, லேசாக மங்கலாக்கி, பிறகு அளவைக் குறையுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் ‘டீஸ்க்ரீன்’ வசதி இருந்தால் அது இதைத்தான் செய்கிறது. எல்.பி. அளவுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு பக்கம் 3,700 பிக்சலுக்குக் குறையாமல் வேண்டும். புள்ளிகள் பெரிதாகத் தெரிவதே அழகு என்று நினைத்தால் அப்படியே விடலாம், ஆனால் படம் முழுக்க அப்படி இருக்கட்டும்.

கையால ஒட்டணுமா, கம்ப்யூட்டர்ல செய்யலாமா?

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரில் எந்தத் துண்டையும் எந்த அளவுக்கும் மாற்றலாம், அதனால் முடிவே வராது. காகிதத்தில் அந்த மீன் அந்த அளவில்தான் இருக்கும். அதற்கு ஏற்ப மற்றவை வளைய வேண்டும். அந்த நெருக்கடியில்தான் எதிர்பாராத ஜோடிகள் கிடைக்கின்றன. நான் காகிதத்தில் அடுக்கிப் பார்த்து, ஒட்டாமல் ஸ்கேன் செய்து, நிறத்தை மட்டும் திரையில் சேர்க்கிறேன். ஒட்டுவதானால் அமிலமில்லாத பசை வாங்குங்கள். செய்தித்தாள் எப்படியும் மஞ்சளாகும்.

எல்லாத் துண்டும் நல்லாதான் இருக்கு, ஆனா மொத்தமா குப்பை மாதிரி இருக்கு. எங்கே தப்பு?

பெரும்பாலும் வெளிச்சம். ஒரு முகத்துக்கு இடப்பக்கமிருந்து ஒளி, மலைக்கு வலப்பக்கமிருந்து என்றால் கண் உடனே ‘ஒட்டியது’ என்று கண்டுபிடித்துவிடும். ஒரு துண்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டாலே பாதி சரியாகிவிடும். அடுத்தது, எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருப்பது. ஒன்று மிகப் பெரிதாக, சில மிகச் சிறிதாக இருக்கட்டும். பிங்க் ஃபிளாய்டின் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ (1968), ஹிப்க்னோசிஸ் நிறுவனத்தின் முதல் அட்டை, பதின்மூன்று படங்களின் அடுக்கு. மார்வெல் காமிக்ஸின் மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் கோள்களும் அதில் உண்டு. குழுவினர் ஒரு சின்ன வட்டத்துக்குள் பொடிப்பொடியாக நிற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே புகைமூட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தப் புகை இல்லையென்றால் நீங்கள் சொல்லும் குப்பைதான்.

பாட்டைக் கேட்டுட்டுதான் செய்யணுமா?

கேளுங்கள். லெட் செப்பலின் மூன்றாவது ஆல்பத்துக்கு (1970) சாக்ரன் என்ற கலைஞர் செய்த அட்டையில் ஒரு சக்கரம் உண்டு. சுழற்றினால் ஓட்டைகளில் பட்டாம்பூச்சி, விமானம் எல்லாம் மாறி மாறி வரும். விளையாட அருமை. ஆனால் கித்தாரிஸ்ட் ஜிம்மி பேஜுக்கு அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகப் பட்டது; அமைதியான நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஆல்பம் அது. ஹென்ட்ரிக்ஸின் வருத்தத்தை மேலே சொன்னேன். இரண்டு அட்டையும் இன்று கொண்டாடப்படுகின்றன என்பது வேறு விஷயம்.

இப்ப எல்லாம் போன்ல நகம் அளவுக்குத்தானே தெரியுது? இவ்வளவு விவரம் எதுக்கு?

நியாயமான கேள்வி. சி.டி. வந்தபோதே அட்டையின் பரப்பு ஏழில் ஒரு பங்காகிவிட்டது. போனில் அதுவும் இல்லை. அதனால் முதலில் ஒரு பெரிய உருவத்தை முடிவு செய்யுங்கள். நகம் அளவில் அது மட்டும் தெரியட்டும். விவரங்கள் அதற்குள் ஒளியட்டும். ரிவால்வர் இதில் இன்றும் தேறும்: சின்னதாகப் பார்த்தால் நான்கு முகம், பெரிதாக்கினால் முடிக்குள் ஒரு ஊர். சார்ஜன்ட் பெப்பர் நகம் அளவில் பூக்கடை மாதிரிதான் இருக்கிறது.

அடுத்தவர் எடுத்த போட்டோவை வெட்டினா திருட்டா? கொஞ்சம் மாத்திட்டா போதும்னு சொல்றாங்களே?

‘முப்பது சதவீதம் மாற்றினால் உங்களுடையது’ என்பது கட்டுக்கதை. அப்படி ஒரு விகிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அமெரிக்காவில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விலக்கு உண்டு. அதுவும் பயன்பாட்டின் நோக்கத்தைப் பார்த்துத்தான். 2023-ல் உச்ச நீதிமன்றம் ஓவியர் ஆண்டி வார்ஹால் தொடர்பான வழக்கில் இதைக் கறாராக்கியது: லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹால் செய்த படம், மூலப் புகைப்படம் போலவே பத்திரிகைக்கு உரிமம் தரப்பட்டதால், நோக்கம் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. விற்பனைக்குப் போகும் அட்டை செய்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இது சட்ட ஆலோசனை இல்லை. பெரிய வெளியீடு என்றால் வக்கீலைக் கேளுங்கள்.

உரிமைக்காலம் முடிந்த படங்கள், நீங்களே எடுத்தவை, அனுமதி வாங்கியவை. இந்த மூன்றுக்குள் நின்றால் தூக்கம் வரும். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று வெட்டும்போதே பின்னால் பென்சிலில் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது.

செயற்கை நுண்ணறிவுகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல இதே மாதிரி வருதே. அதுவும் கொலாஜ்தானா?

பார்க்க அப்படி இருக்கும். கொலாஜ் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன அட்டைகளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முன்பிறவி இருக்கிறது. எலும்புக்கூடு ருபாயத்திலிருந்து, விஷ்ணுரூபம் சாமி படத்திலிருந்து, மந்திரவாதி காமிக்ஸிலிருந்து. அதனால்தான் விஷ்ணுவைப் பார்த்து உறுத்தல் வருகிறது, சல்லிவனை மறந்தோமே என்று தோன்றுகிறது. இயந்திரம் தரும் படத்தில் துண்டுகளே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே ஒரே பரப்பு.

போன மாதம் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மூலையில் அழகான கடிகாரம். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். விழித்தார். அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, கடிகாரத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் பென்சிலில் அவர் பெயரும் தேதியும் இருக்கிறது. ஏதாவது அட்டைக்கு ஆகும்.